திங்கட்கிழமை வந்த சொல்

1929-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதி, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். பின்சந்துக் குழாயில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்தேன். ஆறரைக்குக் கோப்பியும் இரண்டு துண்டு ரொட்டியும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். பதினாலாம் வாய்ப்பாடு ஒப்பித்தேன், ஓரிடத்தில் தடுமாறினேன். பிற்பகல் பக்கத்து வீட்டில் விளையாட்டு. ஐந்தே காலுக்கு அப்பா ஆபீஸிலிருந்து வந்தார். ஒரு காகிதம் கொண்டு வந்தார். மழை இல்லை.

என் முதல் நாட்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. அது 1927-ஆம் வருஷத்து டைரி. ஆபீஸில் மிஞ்சியதை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். கிழமைகள் பொருந்தாதாகையால் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கிழமையைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, சரியான கிழமையை மேலே எழுதிவைத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது ஐம்பத்திரண்டு. உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அந்தத் தெருவில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்து, தேதி எதுவும் தவறென்று கண்டால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். தேதிகளைத்தான் என்னால் திருத்த முடியும்.

அப்பா நகரசபை ஆபீஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். தெருக்குழாயை எப்போது மூடுவார்கள், குப்பைத் தொட்டியை எங்கே வைக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகளைத் தமிழாக்கி அச்சுக்குக் கொடுப்பார். மலாய்க்கு ஒருவர், சீனத்துக்கு ஒருவர் வேறு உண்டு. அவர்கள் ஆபீஸிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருக்கு நேரம் வேண்டும். ஒரு காற்புள்ளிக்காகச் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துபோனவர் அவர்.

ஜன்னலோரம் அவருடைய மேசை. அந்த மேசைக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மேசைமேல் உள்ளது மேசையோடு. அச்சாகி வெளிவரும்வரை எந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறதென்று வெளியே மூச்சு விடக்கூடாது. ஒருமுறை அம்மா குழாயடியில், அடுத்த வாரம் தண்ணீர் நிற்குமாம் என்று சொல்லிவிட்டாள். அப்பா அவளோடு மூன்று நாள் பேசவில்லை. சர்க்கார் காகிதம் கடிதம் மாதிரி, யாருக்கு எழுதியதோ அவர்களுக்கு முறையாகப் போய்ச் சேரவேண்டும் என்பார். அதில் அவருக்குப் பெருமை. எங்களுக்கும் இருந்தது.

பக்கத்து வீட்டில் சொங்கோக் தைக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவர் குடியிருந்தார். மலாய்க்காரர்கள் அணியும் கறுப்பு வெல்வெட் தொப்பி அது. வீட்டு முன்னால் கூரையிட்ட ஐந்தடிப் பாதையில் மிதிமெஷினைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை தைப்பார். அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும் கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள்தான் என் சிநேகிதி. அவளை வீட்டோடு வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வெட்டிப்போட்ட வெல்வெட் துண்டுகளெல்லாம் அவளுக்குத்தான். என் மசிப்புட்டிக்கு அளவெடுத்து ஒரு குட்டி சொங்கோக் தைத்துக் கொடுத்திருந்தாள். உள்ளே காகித அட்டை, மேலே வெல்வெட், ஓரத்தில் ஒரு தையல்கூட வழுவாது. எழுதி முடித்ததும் புட்டிக்கு மூடிபோட்டு, அதன்மேல் தொப்பியை வைப்பேன். புட்டி தொழுகைக்குக் கிளம்புகிறது என்று அவள் சிரிப்பாள்.

மாமாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும். அதையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் தெருச்சுவரில் ஒட்டும் தமிழ் நோட்டீஸ் ஒன்றையும் விடமாட்டார். மெஷினை நிறுத்திவிட்டுப் போய், விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு, கீழே உள்ள அச்சகத்தின் பெயர்வரை வாசிப்பார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, “உங்கப்பா எழுத்துதானே? சுத்தமா இருக்குலா” என்பார். அப்பாவின் நோட்டீஸ்களை முழுதாக வாசித்த மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை வந்த காகிதம் ஒரு நோயைப் பற்றியது. ஊரில் சில குழந்தைகளுக்குக் கண்டிருக்கிறது. தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரவேண்டும், அங்கே அதற்கு ஊசி இருக்கிறது, நாளைத் தள்ளினால் ஊசி பலிக்காது. இவ்வளவுதான் விஷயம். இதை அப்பா அன்று மாலையே, விளக்கேற்றுவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். தலைப்பில் இருந்த ஒரு சொல்தான் பாக்கி. டிப்தீரியா.

நோயின் பெயரே தலைப்பு. அதைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். அப்பா அலமாரியிலிருந்து பெரிய அகராதியை எடுத்தார். அதன் முதுகு கிழிந்து, அம்மா வெள்ளைத் துணி ஒட்டியிருந்தாள். வாசித்ததை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது வழக்கம். பதனிட்ட தோலுக்குக் கிரேக்கர்கள் சொன்ன சொல். தொண்டைக்குள் தோல் மாதிரி ஓர் ஆடை படர்வதால் நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு பிரெஞ்சு வைத்தியர் அதை நோய்க்குப் பெயராக வைத்தார். அவரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எங்கோ ஒரு தோல் பதனிடும் தொட்டியிலிருந்து கிளம்பிய சொல், கப்பலேறி, எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் அம்மாவிடம் சொன்னதையும் குறித்திருக்கிறேன். மலாய்க்காரர் அந்த ஓசையைக் காதால் கேட்டு, அப்படியே ஜாவி என்ற அரபு எழுத்தில் எழுதி அரைமணியில் கொடுத்துவிட்டாராம். சீனரிடம் ஏற்கெனவே சொல் இருந்ததாம். அவர்கள் நாட்டுப் பத்திரிகைகளில் வழங்குவது. இரண்டும் அன்றே அச்சுக்குப் போய்விட்டன. “தமிழ்ல மட்டும் இடம் காலியாக் கெடக்கு” என்றார். அவமானப்பட்டவர் குரலில் சொன்னார்.

ஒரு தாளில் வரிசையாக எழுதி வரிசையாக அடித்தார். தொண்டைப்புண் என்று முதலில் எழுதினார். அது எல்லாருக்கும் வருவது, உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள் என்று அடித்தார். தொண்டை அடைப்பான் என்று ஊரில் சொல்வதுண்டு. அதையும் அடித்தார். “அது மாட்டு நோவு. புள்ளைங்களுக்குப் போட்டா, எங்களை மாடுன்னு நெனைச்சியான்னு கேப்பாங்க.” பிறகு கிரேக்க மூலத்துக்கே போய், தோலையும் தொண்டையையும் சேர்த்து, கண்டசர்ம ரோகம் என்று ஒன்று செய்தார். அதை அழகாக எழுதி, தூரத்தில் பிடித்துப் பார்த்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். “கழுத்துல சொறியா? வேப்பிலை அரைச்சுப் போட்டா போயிடுமே.”

அப்பா அதையும் அடித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பக்கத்து வீட்டுக்குப் போனபோது சிநேகிதி பாயில் படுத்திருந்தாள். காய்ச்சல். முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஒரே ஐஸ் உருண்டையை மாற்றி மாற்றி உறிஞ்சியிருந்தோம், சிவப்புப் பாகு ஊற்றியது. ஐஸ்தான் காரணம் என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். நான் காரணம் என்று எனக்குக் கேட்டது. ஐஸ்காரனை மாமா ஐந்தடிப் பாதையில் நிறுத்தி வைத்துத் திட்டினார். அவன் தலைகுனிந்து நின்றான். அவன் வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை அவள் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து ஓதிய தண்ணீர் ஒரு கிண்ணத்தில் இருந்தது. அதை விழுங்க அவளால் முடியவில்லை. மூக்கு வழியாக வந்துவிட்டது. நான் வாசற்படியில் நின்றேன். மேசைமேல் இருந்த காகிதம் எனக்கு வரிவரியாகத் தெரியும். காய்ச்சல், தொண்டை வலி, உடனே, ஆஸ்பத்திரி. மேசைமேல் உள்ளது மேசையோடு என்பதும் தெரியும். வெகுநேரம் நின்றுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னால்தானே குற்றம், ஒரு சொல் சொன்னால் அது பாதிக் குற்றம்தான் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

“மாமி, இது டிப்தீரியாவா இருக்கும்” என்றேன்.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். இரவெல்லாம் தூங்காத முகம். பிறகு அந்த முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “அது யாரு புள்ளே? கான்வெண்டுல படிக்கிற வெள்ளைக்காரச்சி பேரு மாதிரி இருக்கு.”

பாயில் படுத்திருந்தவளும் சிரிக்கப் பார்த்தாள். சொல்தான் என்னிடம் இருந்தது. அதைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொடுக்கும் தைரியம் இல்லை. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலை சுவர் வழியாக இருமல் கேட்டது. நாய் குரைப்பது போன்ற இருமல். அம்மா மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “அந்தப் புள்ளைக்குத் தொண்டைதான் வலியாம். நீங்க எழுதறது இதைத்தானா?”

அப்பா பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். “நாளைக்கு அச்சுக்குப் போயிடும். எல்லாருக்கும் முறையாத் தெரிஞ்சிடும்.”

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று பல வருஷம் கழித்து ஒருமுறை கேட்டேன். அவருக்குத் தெரியாததா என்று நினைத்தாளாம். அந்த வீட்டில் நாங்கள் மூவரும் அப்படித்தான் நினைத்தோம். அப்பா காகிதத்துக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை, 8-ஆம் தேதி. பள்ளிக்கூடம் விட்டதும் கோப்பித்தூள் வாங்க மூலைக் கடைக்குப் போனேன். சீனர் கடை. அங்கே பலகையில் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மேலே இரண்டே இரண்டு பெரிய எழுத்து. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு முதலாளியான தவுக்கே கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கடைத்தெரு மலாயில் பேசினார். உன் வீட்டில் பிள்ளைகளுக்குச் சுகமில்லையா என்று கேட்டார். முதல் எழுத்தில் விரல் வைத்து, “பூத்தே” என்றார். வெள்ளை. இரண்டாவதில் வைத்துத் தன் தொண்டையைத் தொட்டார். வெள்ளைத் தொண்டை. பிறகு வாயை அகலத் திறந்து, உள்ளே பார்க்கச் சொல்லி விரலால் காட்டினார். ஒரு தங்கப் பல் தெரிந்தது. வெள்ளையாய் இருந்தால் ஓடு, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று கையை வீசினார். மூன்று நாளாக எங்கள் மேசையில் கிடந்தது அரை நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

கோப்பித்தூளை வாங்காமலே ஓடினேன். மாமியிடம் ஒன்றும் கேட்காமல் பாயருகே உட்கார்ந்து, வாயைத் திற என்றேன். திறந்தாள். தொண்டைக்குள் இரண்டு பக்கமும் சாம்பல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பசை தடவிக் காயவைத்த தொப்பிக் காகிதம் மாதிரி. வாடை வந்தது. பால் ஆடை, நேற்றுக் குடித்த பால் என்றார் மாமி. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். டைரியில் அப்படி எழுதவில்லை. ‘மாமாவிடம் சொன்னேன்’ என்றுதான் இருக்கிறது.

ரிக்‌ஷாவில் மாமா அவளை மடியில் வைத்துக்கொண்டு போனார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பின்னால் போனாள். ஆஸ்பத்திரியில் எனக்கும் ஊசி போட்டார்கள். அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸர் தமிழர், வயதானவர். அவள் தொண்டையைப் பார்த்துவிட்டு மாமாவிடம், “எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். மாமா விரல்விட்டு எண்ணி, மூன்று என்றார். டிரஸர் மாமாவின் தோளிலிருந்த நூல் துணுக்கை எடுத்துக் கீழே போட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் இறந்துபோனாள். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் போகவில்லை, அனுப்பமாட்டார்கள்.

வியாழக்கிழமை மாலை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அப்பா நோட்டீஸை எழுதி அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் ஓடியதைக் கேள்விப்பட்டதும் தலைப்பில் இருந்த காலி இடத்தில் டிப்தீரியா என்று ஓசையை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார். ஐந்து எழுத்து. எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை அது எங்கள் தெருச்சுவரில் ஒட்டப்பட்டது. அன்றுதான் சுகாதாரக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வீட்டிலும் மருந்து அடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பாய், தலையணை, வெல்வெட் துண்டுகள் எல்லாவற்றையும் பின்சந்தில் போட்டு எரித்தார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த பொருள் ஏதும் இங்கே உண்டா என்று எங்களையும் கேட்டார்கள். அப்பா மேசைக்குப் போய், மசிப்புட்டியிலிருந்த தொப்பியைத் தாமே எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்டதற்குச் சரியான பதில் அதுதான். நான் அழுதேன். இது டைரியில் இருக்கிறது.

அவர்கள் போனபின் மாமா வெளியே வந்தார். எதிர்ச்சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெருவைக் கடந்து போய் நின்றார். வழக்கம்போல் விரலை வரிக்குக் கீழே வைத்தார். தலைப்பை எழுத்துக்கூட்டினார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். அச்சகத்தின் பெயர்வரை வாசித்தார். அப்பா எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போயிருக்கலாம், போகவில்லை.

மாமா திரும்பி வந்தார். “இந்தக் காகிதம் எப்ப உங்க கைக்கு வந்திச்சு?” என்று கேட்டார். கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை என்று அப்பா சொல்லியிருக்கலாம். வியாழன் என்றிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவர் அப்படிச் சொல்லவேண்டுமென்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“திங்கட்கிழமை” என்றார் அப்பா. “சாயங்காலம் அஞ்சே காலுக்கு.”

மாமா தலையை அசைத்தார். ஒரு கணக்குச் சரியாக இருப்பதைப் பார்த்தவர் போல அசைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வீட்டாரும் பன்னிரண்டு நாள் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. மேசை வெறுமையாக இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல் தானாகவே போய்க்கொண்டிருந்தது. பால்காரர் திப்திரி என்றார். சீன ரிக்‌ஷாக்காரர் ஒருவர் எங்கள் வாசலைக் காட்டித் தம் கூட்டாளியிடம் திப்தீலியா என்றார். மீன் விற்கும் மலாய்க்கார அம்மாள் இரண்டு வீட்டையும் தள்ளி நடந்துபோய், அங்கிருந்து டிப்தேரி, டிப்தேரி என்று குரல் கொடுத்தார். பத்து நாளில் சிறுபிள்ளைகள் அதை வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் டிப்தீரியா, அவன் தொட்டவன் அவுட்டு. உங்களில் சிலர் அந்த விளையாட்டை ஆடியிருப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்பா இவற்றையெல்லாம் தாம் முன்பு சொற்களை அடித்த தாளின் பின்பக்கத்தில், யார் எப்படிச் சொன்னார்கள் என்று எழுதிவந்தார். ஏழாவதோடு நிறுத்திவிட்டார். அந்தத் தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமி மட்டும் அந்தச் சொல்லை ஒருபோதும் சொல்லி நான் கேட்டதில்லை. ஐஸ்தான் என்றே கடைசிவரை சொன்னார்.

22-ஆம் தேதி, வியாழக்கிழமை, கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தார்கள். அப்பா ஆபீஸுக்குப் போனார். ஐந்தே காலுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை மேசைமேல் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அம்மா மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். அவர் அதன் பக்கமே போகவில்லை. அன்று மழை பெய்தது.

மறுநாள் காலை விடிந்ததும் அவர் முதலில் செய்தது இது. முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். மாமா பதினான்கு நாளுக்குப் பின் அன்றுதான் மெஷினைத் துடைத்து, ஒரு தொப்பிக்குப் பட்டை தைக்கத் தொடங்கியிருந்தார். அப்பா அவர் எதிரில் நின்று, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். எழுதாமல், அடிக்காமல், வாயில் வந்தபடி, தடுமாறித் தடுமாறிச் சொன்னார். நாய் வளர்ப்போர் இந்த மாத முடிவுக்குள் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டு வீட்டிலும் நாய் கிடையாது.

மாமா கால்மிதியிலிருந்து காலை எடுத்தார். மெஷின் நின்றது. அவர் கடைசி வரிவரை கேட்டார்.